எல்லையோடு நின்றுவிடும் திட்டங்கள்: தருமபுரியின் நகர வளர்ச்சியும் வட்டார ஒத்துழைப்பும்

1. கேள்வி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் நகரவாசிகள் 17.3 விழுக்காடு மட்டுமே. மாநிலச் சராசரியோ 48.4 விழுக்காடு. எழுத்தறிவில் (68.5 விழுக்காடு) மாநிலத்தின் கடைசி இடமும் அப்போது தருமபுரிக்குத்தான். ஒரு நகராட்சியும் சில பேரூராட்சிகளும் மட்டுமே அப்போது இருந்த இந்த மாவட்டத்தில் நகரத் திட்டமிடலுக்கு என்ன அவசரம் என்று இந்த எண்களை வைத்துக் கேட்கத் தோன்றும்.

தருமபுரியின் நிலம், நீர், உழைப்பு மூன்றின் மீதும் அழுத்தம் தரும் நகரங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருக்கின்றன என்பதை அந்தக் கேள்வி மறந்துவிடுகிறது. வடக்கே ஓசூரும், அதற்கு அப்பால் 2011-இலேயே 85 இலட்சம் மக்களைத் தொட்டுவிட்ட பெங்களூரு நகரத் திரளும், தெற்கே சேலமும் இருக்கின்றன. இவற்றின் வளர்ச்சி தருமபுரியைத் தொடுகிறது. ஆனால் இவற்றின் திட்டங்களில் தருமபுரி இல்லை. தன் எல்லைக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகளால் உருமாறும் ஒரு மாவட்டம், அந்த முடிவுகளில் பங்கு பெறுவது எப்படி? இந்தக் கட்டுரை ஆராய்வது அதைத்தான்.

இது குறித்து நடைமுறையில் இருக்கும் புரிதல்களை இரண்டாகப் பிரிக்கலாம். முதலாவது, 'பின்தங்கிய மாவட்டம்' என்ற பார்வை. தொழிற்பேட்டை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் நகரம் வளரும் என்பது அதன் தருக்கம். இரண்டாவது, 'ஆற்றுநீர் உரிமை' என்ற பார்வை. கர்நாடகத்திடமிருந்து உரிய பங்கைப் பெற்றுவிட்டால் மற்றவை தாமே சீராகும் என்பது அது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் முதலாவது, தொழிலுக்கு வேண்டிய நீரும் குடியிருப்பும் எங்கிருந்து வரும் என்று கேட்பதில்லை. இரண்டாவது, நீரை அளவாக மட்டுமே பார்க்கிறது. அதே நீரைத் தீர்மானிக்கும் நகர விரிவாக்கத்தைப் பார்ப்பதில்லை. இவ்விரண்டையும் இணைக்கும் மூன்றாவது பார்வை தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. இரு ஆறுகளுக்கு நடுவே

மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் காவிரி. கிழக்குப் பகுதியில் தென்பெண்ணை. பென்னாகரம் பக்கத்து நீர் காவிரிக்கும், தருமபுரி நகரம், அரூர் பக்கத்து நீர் தென்பெண்ணைக்கும் போகிறது. பெங்களூருவும் இதே இரு வடிநிலங்களையும் பிரிக்கும் மேட்டின் மீது எழுந்த நகரம். அதன் மேற்குப் பகுதிக் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரியை அடைகிறது. தென்கிழக்குப் பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு வருகிறது. அந்த நகரத்தின் குடிநீரோ பெருமளவு காவிரியிலிருந்தே ஏற்றப்படுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டம் மட்டுமே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டது.

ஆக, பெங்களூரு ஓர் ஆற்றிலிருந்து குடிக்கிறது, இரு ஆறுகளிலும் கழிவை விடுகிறது. அந்த இரண்டுமே தருமபுரிக்கு மேலே நிகழ்கின்றன. இதை எந்த நகரத்தின் குற்றமாகவும் சொல்ல வேண்டியதில்லை. இது புவியமைப்பு. ஆனால் புவியமைப்பு ஒன்றாக இருக்க, திட்டமிடல் மாநில எல்லையில் துண்டாகிறது. பெங்களூரு பெருநகர வட்டார வளர்ச்சிக் குழுமம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் ஆளுகை பெங்களூரு நகர்ப்புறம், பெங்களூரு ஊரகம், ராமநகரம் (2025-இல் பெங்களூரு தெற்கு எனப் பெயர் மாறியது) ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கி, அத்திப்பள்ளிக்கு அருகே மாநில எல்லையில் முடிகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், ஓசூருக்கெனத் தனி நகர்ப்புற வளர்ச்சிக் குழுமத்தைத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. ஒரே நகரத் திரளுக்கு இரு அமைப்புகள். இரண்டும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை.

3. ஒகேனக்கல்: நடந்தேறிய ஒத்துழைப்பு

ஒத்துழைப்பு இங்கே நடக்கவே நடக்காது என்று சொல்பவர்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளூரோசிஸ் தணிப்புத் திட்டம்தான் பதில். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப் பாறை நிலத்தில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் வரையறுக்கிறது. பல கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியவை. பழுப்புக் கறை ஏறிய பற்களும், வளைந்து இறுகிய எலும்புகளும் தலைமுறைகளாக இந்த மண்ணின் துயரமாக இருந்தன.

1998-இல் மத்திய அரசின் முன்னிலையில் ஒரு புரிந்துணர்வு உருவானது. பெங்களூருவின் காவிரிக் குடிநீர் விரிவாக்கமும், 1.4 டி.எம்.சி. நீர் எடுக்கும் ஒகேனக்கல் திட்டமும் ஒருங்கே ஏற்கப்பட்டன. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டபோது கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பணி சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் ஜப்பானியக் கடனுதவியுடன், 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பணி நடந்து, 2013 மே மாதம் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய மூன்று நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 6,755 ஊரகக் குடியிருப்புகள் இதன் வரம்புக்குள் வந்தன. பெங்களூருவின் காவிரி நான்காம் கட்டத்தின் இரண்டாம் பகுதிக்கும் அதே ஜப்பானிய நிதி நிறுவனமே கடன் கொடுத்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆற்றின் மேலும் கீழும் நடந்த இரு திட்டங்களையும் கடன் கொடுத்தவர் ஒருங்கே பார்க்க முடிந்தது. திட்டமிட்டவர்களுக்கு அப்படிப் பார்க்க ஓர் அமைப்பு இல்லை.

இந்தத் திட்டம் ஏன் நிறைவேறியது? மூன்று காரணங்களைப் பிரித்துக் காட்டலாம். எடுக்கும் நீரின் அளவு எழுத்தில் இருந்தது. அதனால் எதிர்ப்பு எழுந்தபோதும் பேச ஓர் அடித்தளம் மிஞ்சியது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் என்ற ஒரே அமைப்பு, இரு மாவட்டங்களையும் எல்லா உள்ளாட்சிகளையும் தாண்டிப் பொறுப்பேற்றது. நிதி திட்டம் முழுவதற்கும் பொதுவாகத் திரட்டப்பட்டதால், எந்த ஊராட்சியும் தன் வருவாயை நம்பிக் காத்திருக்க நேரவில்லை. எழுதப்பட்ட அளவு, பொறுப்பான ஒரே அமைப்பு, பொதுவான நிதி ஆகிய இம்மூன்றையும் இனி வரும் ஒத்துழைப்புகளுக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

இத்திட்டத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். இது மக்களின் குடிநீருக்காக வகுக்கப்பட்டது. நல்லம்பள்ளி வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பூங்கா வளரும்போது, அதன் தொழில் நீர்த் தேவையும், அதை நம்பிக் குடியேறுவோரின் தேவையும் தனியாகக் கணக்கிடப்பட வேண்டியவை. குழாய்கள் வட்டார அளவில் திட்டமிடப்பட்டன. அந்தக் குழாய்களின் முனையில் ஊர்கள் எப்படி வளரும் என்பது அப்படித் திட்டமிடப்படவில்லை.

4. தென்பெண்ணை: நடக்காத ஒத்துழைப்பு

தென்பெண்ணை எதிர்த் திசைச் சான்று. நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூருவின் புறநகரைத் தொட்டு, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்கி மிதந்ததைச் செய்திப் படங்களில் பலமுறை பார்த்திருக்கிறோம். அந்த நீர் கிருஷ்ணகிரி அணையைக் கடந்து, தருமபுரி மாவட்டத்தின் இருமத்தூர் வழியாகச் சாத்தனூருக்குப் போகிறது.

இந்த ஆற்றுக்கு இருக்கும் முதன்மையான உடன்பாடு சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் இடையே 1892-இல் கையெழுத்தானது. அது பாசனக் காலத்து ஆவணம். நகரக் கழிவுநீர் பற்றிய சிந்தனைக்கு அதில் இடமில்லை. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே கோலார் மாவட்டத்தில் கட்டப்பட்ட அணையை எதிர்த்துத் தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 நவம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்து, தீர்ப்பாயம் கோரும் வழியைச் சுட்டிக்காட்டியது.

இதே ஆண்டுகளில் பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றும் கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. வறண்ட கோலாருக்கு அது உயிர்நீர். ஆனால் கீழே உள்ளவர்களுக்கு அதன் விளைவு இருமுகமானது. கழிவுநீர் ஆற்றுக்கு வராவிட்டால் நுரையும் நாற்றமும் குறையும். ஆற்றின் வரத்தும் குறையும். எவ்வளவு குறைந்தால் நன்மை, எவ்வளவு குறைந்தால் தீமை என்பதை இரு மாநிலப் பொறியாளர்களும் ஒரே அளவீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் சொல்ல முடியும். நீதிமன்றத்தில் இரு தரப்பும் இரு அளவீடுகளோடு நின்றன. மேலே சொன்ன மூன்று உரைகற்களில் ஒன்றுகூடத் தென்பெண்ணைக்கு இல்லை.

காவிரித் தீர்ப்பிலும் இதையொட்டிய பாடம் உண்டு. பெங்களூருவின் மூன்றில் ஒரு பகுதியே காவிரி வடிநிலத்தில் இருப்பதாகக் கொண்டு தீர்ப்பாயம் 2007-இல் நீர் ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நகரம் முழுவதன் குடிநீர்த் தேவையையும் கருதிக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. அளித்தது. குடிநீருக்கு முன்னுரிமை என்ற கோட்பாடு சரியானதே. ஆனால் நகரம் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு நீர் கேட்கும் உரிமை அதற்கு உண்டு என்ற பொருளும் அதில் தொக்கி நிற்கிறது. நகரத்தின் விரிவு பற்றிப் பேச முடியாத இடத்தில் நீரைப் பற்றி மட்டும் பேசுவது பாதி வாதம்தான்.

5. நிலம், சாலை, தண்டவாளம்

தண்டவாளத்தைப் பாருங்கள். தருமபுரி ரயில் நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் மொரப்பூர் நிலையம் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. 1906-இல் இவ்விரு ஊர்களையும் இணைத்த குறுகிய பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல் மூடப்பட்டது. அதை அகலப்பாதையாக மீட்கும் கோரிக்கை தலைமுறைகளைக் கடந்தது; 2019-இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னைத் தடத்தையும் பெங்களூருத் தடத்தையும் மாவட்டத்துக்குள்ளேயே இணைக்கும் சுமார் 36 கிலோமீட்டருக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. இரு ரயில்வே மண்டலங்களின் ஓரத்தில் கிடக்கும் ஊர், இரண்டுக்கும் முதல் கவலையாக இருப்பதில்லை.

சாலைகள் விரைந்து வந்துவிட்டன. சேலம் - பெங்களூரு நான்குவழிச் சாலையோடு, ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை வரும் சாலையும் நான்குவழியாகியிருக்கிறது. அகலச் சாலை வந்த இடத்தில் மனைப்பிரிவுகள் முளைக்கின்றன. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்கும் அளவுக்கு மாநிலம் முழுவதும் இந்தப் போக்கு முற்றியிருந்தது. பாலக்கோட்டின் தக்காளி வயல்களும் காரிமங்கலத்தின் மாந்தோப்புகளும் சாலையோரத்திலேயே இருக்கின்றன. எந்த நிலம் விளைநிலமாகவே நீடிக்க வேண்டும், எது குடியிருப்பாகலாம் என்று ஒரு வரைபடம் சொல்லாவிட்டால், அதை மனை விலை முடிவு செய்துவிடும்.

மாவட்டத் தலைநகருக்குள்ளும் இதே சிக்கல் சிறிய அளவில் இருக்கிறது. நகராட்சியின் கோடு முடியும் இடத்தில் நகரம் முடிவதில்லை; இலக்கியம்பட்டி போன்ற ஊராட்சிகளில் அது தொடர்கிறது. வத்தல்மலையில் தோன்றும் சனத்குமார் நதி நகரத்தைக் கடக்கும்போது சாக்கடையாகி, கீழேயுள்ள ஊர்களைத் தாண்டித் தென்பெண்ணைக்குப் போகிறது. பெங்களூரு தென்பெண்ணைக்குச் செய்வதைத் தருமபுரி சனத்குமார் நதிக்குச் செய்கிறது. மேல்மடைக்காரரிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் கீழ்மடைக்காரருக்கும் கொடுத்தாக வேண்டும்.

எல்லை தாண்டிய திட்டமிடல் முடியாத காரியம் அல்ல என்பதற்கு வனத்துறை சான்று. 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அது கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு தொடர்ச்சியாக அமைவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. யானைகளின் நடமாட்டத்தை முன்னிட்டு இரு மாநிலக் காடுகளையும் ஒரே நிலமாகப் பார்க்க முடிந்திருக்கிறது. மனிதரின் நடமாட்டத்தை முன்னிட்டு ஊர்களையும் அப்படிப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

6. உழைப்பின் கணக்கு

பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். குழந்தைகளைப் பாட்டி தாத்தாவிடம் விட்டுப் போவோர் உண்டு. கூடவே அழைத்துப் போய்ப் பள்ளியை இழப்போரும் உண்டு. அந்த நகரத்தின் கட்டடங்களில் இவர்களது உழைப்பு இருக்கிறது. இவர்களை வளர்த்த செலவும், நோயுற்றுத் திரும்பும்போது பார்க்கும் செலவும் தருமபுரியின் கணக்கில் விழுகின்றன.

1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் நலத் தீர்வைச் சட்டம் கொண்டுவந்த முறைப்படி, கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நலநிதியாகப் பெறப்படுகிறது. அந்தத் தொகை கட்டடம் எழும் மாநிலத்தின் வாரியத்துக்குப் போய்ச் சேர்கிறது. தொழிலாளியின் சொந்த மாவட்டத்துக்கு அதில் பங்கில்லை.

ஜெனீவாவிலிருந்து இங்கே கற்க ஒன்று உண்டு. பிரான்சிலிருந்து எல்லை கடந்து அந்த நகரத்துக்கு வேலைக்கு வருவோரின் மொத்த ஊதியத்தில் 3.5 விழுக்காட்டுக்கு இணையான தொகையை, 1973 உடன்பாட்டின்படி, ஜெனீவா மாநிலம் அண்டைப் பிரெஞ்சு மாவட்டங்களுக்குத் திருப்பித் தருகிறது. அங்கே பள்ளியும் சாலையும் குடியிருப்பும் அமைக்க அது உதவுகிறது. இரு நாடுகளுக்கு இடையே இது சாத்தியமென்றால், ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு இடையே தீர்வையின் ஒரு பகுதியைத் தொழிலாளரின் சொந்த மாவட்டத்துக்குத் திருப்புவது எட்டாத கனவல்ல.

7. சட்டம் தரும் வழிகள்

புதிய சட்டங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் உள்ளூர்த் திட்டங்களோடு மண்டலத் திட்டங்களுக்கும் இடமளிக்கிறது. அரசமைப்பின் 74-ஆம் திருத்தம் வழி வந்த 243 இசட்.டி. பிரிவு, ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் இணைக்க மாவட்டத் திட்டக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

மாநிலங்களுக்கு இடையே, தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியம் முன்னுதாரணமாக இருக்கிறது. அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் சட்டமன்றங்களின் ஒப்புதலோடு 1985-இல் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது. நான்கு அரசுகளும் மத்திய அரசும் பங்குதாரர்களான போக்குவரத்து நிறுவனம் தில்லி - மீரட் விரைவு ரயிலைக் கட்டியது இந்த வட்டாரச் சிந்தனையின் பலன். ஆனால் அதே வட்டாரத்தின் காற்று நஞ்சானதை அந்த வாரியத்தால் தடுக்க இயலவில்லை. 2021-இல் தனி ஆணையச் சட்டம் தேவைப்பட்டது. பரந்த நோக்கங்களை எழுதிவைக்கும் அமைப்பைவிட, குறுகிய பணியைத் தெளிவான அதிகாரத்தோடு செய்யும் அமைப்பே பலன் தரும் என்பதே தில்லி தரும் படிப்பினை.

8. மறுப்புகள்

முதல் மறுப்பு, வட்டார அமைப்புகள் உள்ளாட்சியை விழுங்கிவிடும் என்பது. இது வலுவான மறுப்பு. 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரித் தொடக்கம் வரை தருமபுரியின் ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இன்றித் தனி அலுவலர்களால் நடத்தப்பட்டன. 2025 ஜனவரியில் மறுபடியும் அந்த நிலை வந்தது. தேர்தல் நடக்காதபோது மாவட்டத் திட்டக் குழுவில் ஊராட்சிகளின் சார்பில் உட்கார ஆளே இல்லை. ஆகவே, காலத்தில் நடக்கும் உள்ளாட்சித் தேர்தல் வட்டாரத் திட்டமிடலின் முதல் நிபந்தனை.

இரண்டாவது மறுப்பு, பெரியவரோடு சேரும் சிறியவர் அடங்கிப்போவார் என்பது. சேராமல் இருந்தால் சிறியவர் தப்பிவிடுகிறாரா? பெங்களூரு விமான நிலையத்துக்கான ஒப்பந்தம், 2033 வரை 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் வேறு விமான நிலையம் வருவதைக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் தொலைவுக்குள் இருக்கும் ஓசூர் அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லை. விளைவு மட்டும் வந்து சேர்ந்தது. மேசையில் இடமில்லாத நிலையே பெரும் அடிமைத்தனம்.

மூன்றாவது, காவிரி அரசியல் எந்த ஒத்துழைப்பையும் விடாது என்பது. 2008 அதற்குச் சான்று. 2013 அதற்கு மறுசான்று.

9. முடிவு

ஆய்ந்தவற்றிலிருந்து நான்கு பரிந்துரைகள் எழுகின்றன. தருமபுரி நகராட்சியும் சூழ்ந்துள்ள ஊராட்சிகளும் கழிவுநீர், குப்பை, மனை அனுமதி மூன்றுக்கும் ஒரே திட்டம் வகுக்க வேண்டும். சனத்குமார் நதியின் மீட்பு அதன் முதல் இலக்காக இருக்கட்டும். 2004-இல் பிரிந்த தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து ஒரு மண்டலத் திட்டம் வேண்டும். நீர்க் கணக்கு முடிந்த பின்னரே தொழிற்பூங்காவும் குடியிருப்பும் அதில் இடம்பெற வேண்டும். தென்பெண்ணைக்குக் கொடியாளத்திலும், காவிரிக்கு எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவின் மேற்புறத்திலும் இரு மாநிலங்களும் கூட்டாக நீரின் தரத்தை அளந்து, பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். பங்கீட்டு வழக்குகள் எப்படிப் போனாலும் இது நிற்கக் கூடாது. கட்டுமானத் தீர்வையில் ஒரு பங்கு தொழிலாளரின் சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப இரு மாநில வாரியங்களும் உடன்பாடு காண வேண்டும்.

நகரமயமாகாத மாவட்டம் என்பது இதுவரை தருமபுரியின் குறையாகவே பேசப்பட்டது. ஏரிகளும் காடுகளும் விளைநிலங்களும் இன்னும் மிஞ்சியிருக்கும்போதே திட்டமிடக்கூடிய வாய்ப்பும் அதுவே. பெங்களூரு தன் ஏரிகளில் பலவற்றை இழந்த பிறகே அவற்றைக் காக்கத் திட்டமிடத் தொடங்கியது. தருமபுரிக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு தருமபுரி - கிருஷ்ணகிரி மண்டலத் திட்டத்தை முதலில் எடுக்கட்டும். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தி, அந்தத் திட்டத்தை மக்கள் பிரதிநிதிகளின் கையில் கொடுக்கட்டும். அதன் பிறகு கர்நாடகத்திடம் பேசும்போது, நம் கையில் கோரிக்கையோடு திட்டமும் இருக்கும்.